கல்தோளின் மகளுக்கு எத்தனை வயது

கல்தோளின் மகளுக்கு ஒரே முன்பல் மூன்று தடவை விழுந்திருக்கிறது என்று ஒருத்தி எனக்கு எழுதியிருந்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில், கடையின் சரக்கு அறையில், ஏணியின் இரண்டாம் படியில் உட்கார்ந்துகொண்டு அதைப் படித்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். டிபன் பாக்ஸை மூடக்கூட இல்லை. "குறை கண்டுபிடிக்கத்தான் படிக்கிறீங்கன்னா படிக்காதீங்க" என்று பதில் தட்டி அனுப்பிவிட்டேன்.

கல்தோள் யார் என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அவர் ஒரு தொலைக்காட்சித் தொடரின் நாயகன். ஏதோ ஒரு சாபத்தில் வலது தோள் கல்லாகிப் போனவர். அந்தத் தோளால் கோட்டைக் கதவை இடிப்பார், சரிகிற மலையைத் தாங்குவார், ராஜாவைக் காப்பாற்றிவிட்டு நன்றி சொல்வதற்குள் கிளம்பிவிடுவார். நூற்று நாற்பது எபிசோடில் ஒருதரம்கூட அவர் வீட்டுக்குப் போனதில்லை. உட்கார்ந்ததையே நான் நாலு தடவைதான் பார்த்திருக்கிறேன், அதிலும் மூன்று தடவை குதிரைமேல்.

நானும் என் மகளும் அதைச் சேர்ந்து பார்ப்போம். அவளுக்கு அப்போது ஏழு வயது. வாலு என்று கூப்பிடுவேன், பெயருக்கேற்ற நடத்தையும் இருந்தது. சண்டை முடிந்து படத்தில் எல்லோரும் கைதட்டும்போது அவள் மட்டும் என் பக்கம் திரும்பி, இப்ப இவர் எங்க போவார், இவருக்கு வீடு இல்லையா, வீட்டுல யாரு இருக்காங்க என்று வரிசையாகக் கேட்பாள். நாளைக்குச் சொல்கிறேன் என்பேன். மறுநாள் வேறு எபிசோட் வந்துவிடும். அந்த வருஷக் கடைசியில் அவளும் அவள் அம்மாவும் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். யார்மேல் தப்பு என்ற பஞ்சாயத்தை இங்கே கூட்டப்போவதில்லை. நான் கத்துகிறவன், அவள் அம்மா பத்து வருஷம் பொறுத்துப் பார்த்தாள், அவ்வளவுதான்.

அவர்கள் போன பிறகு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கல்தோளின் ரசிகர்கள் அவரை வைத்துத் தாங்களே கதை எழுதிப் போடுகிற ஓர் இணையத்தளம் உண்டு. மற்றவர்கள் போரை எழுதினார்கள், அவருக்கும் ராணிக்கும் காதலை எழுதினார்கள். நான் அவருக்கு ஒரு வீட்டைக் கட்டினேன். மனைவி இல்லை. அதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஒரு மகள் மட்டும். சின்னது என்று கூப்பிடுவார். கல்தோள் போரிலிருந்து வருவார், வாளைக் கதவுக்குப் பின்னால் வைப்பார், சின்னதுக்குத் தலை பின்னிவிடுவார். வலது கை சரியாக மடங்காததால் சடை எப்போதும் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நிற்கும். கல் சில்லென்று இருக்கும் என்பதால் அவள் அவருடைய இடது தோளில்தான் ஏறி உட்காருவாள். இப்படி இருபத்து மூன்று அத்தியாயம். மொத்தம் பதினோரு பேர் படித்தார்கள். கல்தோள் பிள்ளைக்குப் பல் துலக்கிவிடுவதைப் பார்க்கவா நாங்கள் வந்தோம் என்று ஒருவன் கேட்டுவிட்டுப் போனான், அதோடு பத்துப் பேர்.

அந்தப் பத்துப் பேரில் ஒருத்திதான் இந்தப் பல் விவகாரத்தைக் கிளப்பியவள். தளத்தில் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தாள். அதற்கு முன் ஒருதடவை, கல்தோள் இடதுகைக்காரர் இல்லையே, அவர் எப்படி இடது கையால் வாளை உருவுவார் என்று கேட்டவள். இந்தத் தடவை நான் எரிந்து விழுந்ததற்கு அவள் கோபப்படவில்லை. சாயங்காலம் பதில் வந்திருந்தது. "விடாம படிக்கிறதாலதான் தெரிஞ்சது சார். மூணாவது அத்தியாயம், பதினொண்ணு, பத்தொன்பது. பார்த்துக்கங்க. இன்னொண்ணு, உங்க கணக்குப்படி போர் ஆரம்பிச்சு ஆறு வருஷம் ஆச்சு. சின்னதுக்கு இப்ப பதிமூணு நடக்கணும். பதிமூணு வயசுப் பொண்ணு அப்பா தோள்ல உக்காராது."

வீட்டுக்கு வந்து மூன்று அத்தியாயங்களையும் எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னது அப்படியே இருந்தது. மூன்றிலும் மேல்வரிசைப் பல். மூன்றிலும் ஆப்பிளைக் கடிக்கும்போது ஆடி, நூல் கட்டி இழுக்க விடாமல் ஓடி, கடைசியில் துண்டில் ஒரு பொட்டு ரத்தத்தோடு விழுகிறது. மூன்றிலும் அவள் பல்லைக் காகிதத்தில் மடித்து அப்பாவின் சட்டைப்பையில் போடுகிறாள். தெரிந்தே திரும்ப எழுதியிருந்தால்கூட இவ்வளவு பிசகாமல் வந்திருக்காது. நான் என் கண்ணால் பார்த்தது அந்த ஒரு பல்லைத்தான். வாலுவின் மற்றப் பற்கள் விழுந்தபோது நான் அந்த வீட்டில் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால் என் பிழைப்பே பிள்ளைகள் வளர்வதுதான். மூன்று மாடிச் செருப்புக் கடையில் குழந்தைகள் பிரிவு என்னுடையது. பதினாறு வருஷமாக ஒரு குட்டை முக்காலியில் உட்கார்ந்து பிள்ளைகளின் காலைப் பிடித்து அளவுப் பலகையில் வைத்துக்கொண்டிருக்கிறேன். குதிகால் பின்னால் ஒட்ட வேண்டும், விரலை மடக்கிக்கொள்ளக் கூடாது. ஷூவை மாட்டியதும் முனையில் என் கட்டைவிரலை வைத்து அழுத்துவேன். அங்கே ஒரு விரல் அகலம் காலியாக இருந்தால்தான் பெட்டியை மூடுவேன். போன தடவை வாங்கிய அளவையே கேட்கிற பெற்றோரிடம், கால் சொல்லிட்டு வளராதுங்க, ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து பாருங்க என்பேன். வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்று சொன்னவர்கள் செருப்புக் கடைக்காரன் பிள்ளையைப் பற்றி ஏன் ஒன்றும் சொல்லாமல் விட்டார்கள் என்று தெரியவில்லை. நேரில் பார்த்து ஆறு வருஷமாகியிருந்தாலும், ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் வாலுவுக்கு நான் ஒரு ஜோடி அனுப்பிவந்தேன். வந்து சேர்ந்தது, நன்றி என்று அவள் அம்மாவிடமிருந்து ஒரு வரி வரும்.

அந்த வாரம் வியாழக்கிழமை அந்த அம்மாவிடமிருந்தே இன்னொரு செய்தி வந்தது. "வாரா வாரம் பேசறது அவளுக்குக் கஷ்டமா இருக்கு. என்ன பேசறதுன்னு தெரியல, முந்தின நாளே டென்ஷன் ஆகறா. மாசத்துக்கு ஒரு தடவை போதும்னு நினைக்கிறா. ஞாயித்துக்கிழமை அவளே சொல்வா. தயவுசெஞ்சு கத்தாதீங்க."

ஒரு பையன் காலில் ஷூ நாடாவைப் பாதி கட்டிய நிலையில் இதைப் படித்தேன். மீதியை அவன் அம்மா கட்டிக்கொண்டாள். என்னிடம் இருந்ததே அந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிதான். வாரத்தில் மற்ற நேரமெல்லாம் அதற்கு முன்னால் இருக்கும், அல்லது பின்னால் இருக்கும். முதலில் அரை மணி நேரம் பேசினோம், பிறகு பத்து நிமிஷம், இப்போது நாலு. நான் சாப்பிட்டாயா என்று கேட்பேன், ம் என்பாள். படித்தாயா, ம். அங்கே மழையா, இல்லை. வானிலை அறிக்கையில்கூட இதைவிட அதிகமாகப் பேசுவார்கள். அப்படிப்பட்ட பேச்சை மாதத்துக்கு ஒன்று போதும் என்று ஒரு பெண் நினைத்தால் அவளை எப்படிக் குற்றம் சொல்வது. குற்றம் சொல்லவில்லை.

அன்றே இருபத்து நாலாம் அத்தியாயத்தை ஆரம்பித்தேன். பூதக்கண்ணாடி சொன்னபடியே சின்னதுக்குப் பதிமூன்று வயதாக்கினேன். கல்தோள் போரிலிருந்து வருகிறார், வாளைக் கதவுக்குப் பின்னால் வைக்கிறார். வழக்கமாக ஓடிவருகிறவள் வரவில்லை. உள் அறையின் கதவு சாத்தியிருக்கிறது. பதினேழு கோட்டைக் கதவுகளை இடித்த மனுஷன் அந்த ஒற்றைப் பலகைக் கதவுக்கு முன்னால் நின்று, எந்தக் கையால் தட்டுவது, எவ்வளவு மெதுவாகத் தட்டுவது என்று யோசிக்கிறார். தட்டுகிறார். உள்ளேயிருந்து அவள் ஏதோ சொல்ல வேண்டும்.

அதற்குமேல் ஒரு வரி ஓடவில்லை. வெள்ளிக்கிழமை ஏணிப்படியில் உட்கார்ந்து பார்த்தேன், சனிக்கிழமை பார்த்தேன். அப்பா என்று கத்தவைத்தேன், அழித்தேன். போங்க என்று சொல்லவைத்தேன், அது ஏதோ படத்தில் வருகிற பெண் மாதிரி இருந்தது, அதையும் அழித்தேன். அவள் என்ன படிக்கிறாள், எதற்குச் சிரிப்பாள், யார்மேல் கோபம், எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆறு வருஷமாக ஒரு ஏழு வயதுக் குழந்தையைத் தூக்கிவைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தக் குழந்தை எங்கேயும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குக் கட்டிலில் உட்கார்ந்தேன். என் அறையில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு மேடை, இரண்டு நாற்காலி. இரண்டாவது நாற்காலியில் இஸ்திரி போடாத துணி இருக்கும். கீழ்த்தளத்தில் சலவைக்கடை, அதன் இயந்திரம் ஓடினால் என் தரை லேசாக அதிரும். அன்று விடுமுறை என்பதால் அதுவும் ஓடவில்லை. போன் எடுத்தவுடனே அவள், "அப்பா, ஒண்ணு சொல்லணும்" என்றாள். குரல் எழுதிவைத்துப் படிப்பது போல இருந்தது.

"அம்மா சொன்னா. மாசத்துக்கு ஒரு தடவை. சரிம்மா."

நான் கத்துவேன் என்று தயாராக இருந்திருப்பாள் போல. கோபமா என்று கேட்டாள். "கோவம் இல்ல. கஷ்டமா இருக்கு" என்றேன். இந்த இரண்டும் வெவ்வேறு என்பதை அவள் அம்மாவிடம் நான் ஒருநாளும் பிரித்துச் சொன்னதில்லை. போனை வைத்துவிடுவாளோ என்ற பயத்தில் அவசரமாக, ஒரு உதவி வேண்டும், கல்தோளைப் பற்றி என்றேன். இன்னும் அதையெல்லாம் பார்க்கிறீர்களா, அது முடிந்தே நாலு வருஷமாகிறதே என்று சிரித்தாள். பார்க்கவில்லை, எழுதுகிறேன் என்று சொன்னேன். முழுப் பூசணிக்காயை இத்தனை வருஷம் சோற்றில் மறைத்தவன் அன்றைக்கு எல்லாவற்றையும் கொட்டினேன். இணையத்தளம், வீடு, கோணல் சடை, பத்து வாசகர்கள், மூன்று தடவை விழுந்த பல். பல்லைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு இப்ப என்ன வயசு?" என்றாள்.

போன வாரம் வரை ஏழு, இப்போது பதிமூன்று என்றேன். ஒரே வாரத்திலா என்று கேட்டாள். ஆமாம், ஒரே வாரத்தில்தான் என்று சொன்னேன். பிறகு சாத்திய கதவைப் பற்றிச் சொன்னேன். அவர் தட்டிவிட்டு நிற்கிறார், உள்ளேயிருந்து அவள் முதலில் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியவில்லை, நீ சொல்லேன் என்று கேட்டேன். ஏதோ பேனாவைத் திறந்து திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. என் மகள் யோசிக்கும்போது பேனா மூடியோடு விளையாடுவாள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

"எத்தன நாள் இருப்பீங்கன்னு கேப்பா" என்றாள்.

அதற்குக் கல்தோள் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன். பொய் சொல்லாமல் இருந்தால் போதும் என்றாள். அவளுக்கே என்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும், பேச்சைக் கேலியாக மாற்றப்பார்த்தாள். "அப்பறம், அவருக்காச்சும் அவ கால் அளவு தெரியணும்பா" என்று சொல்லிவிட்டு உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அது போனிலேயே தெரிந்தது.

ஏன், நான் அனுப்பியது பத்தவில்லையா என்று கேட்டேன். ஒன்றுமில்லை, சும்மா சொன்னேன் என்று மழுப்பினாள். நான் விடவில்லை. கடைசியில் சொன்னாள். முதல் ரெண்டு தடவை பத்தியதாம். அதற்குப் பிறகு ஒன்றுகூடக் காலில் ஏறவில்லை. பக்கத்து வீட்டுக் குட்டிப்பெண் போட்டுக்கொண்டாள். போன வருஷம் வந்த சிவப்பு ஜோடியை மட்டும் கொடுக்க மனசில்லாமல் அலமாரியில் வைத்திருக்கிறாளாம், அழகாக இருந்ததாம்.

"ஏன்மா சொல்லல?"

"நீங்க செருப்புக் கடைல இருக்கீங்க. உங்ககிட்ட எப்படிப்பா சொல்றது."

வருஷத்துக்கு ஒரு நம்பர் என்று ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறேன். ஊரார் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கால் வளரும் என்று உபதேசம் செய்துவிட்டு, என் பிள்ளைக்கு மட்டும் கை சின்னப் பெட்டிக்கே போயிருக்கிறது. குழந்தைகள் நம்பர் பதிமூன்று வரை போய்த் திரும்ப ஒன்றில் தொடங்கும்; அந்தக் கணக்கில் போன வருஷம் அனுப்பியது மூன்றாம் நம்பர். ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு நான் தினமும் எடுத்துக் கொடுக்கிற நம்பர் அது. இப்போது என்ன அளவு என்று கேட்டேன்.

"ஆறு. அம்மாவுக்கும் ஆறுதானே, ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போடறோம். ஒன்றரை வருஷமா ஆறுதான்."

அவளுக்கு அது ஒரு சாதாரணத் தகவல். எனக்கு அப்படியில்லை. பெண்பிள்ளைகளின் கால் பன்னிரண்டு, பதிமூன்றில் வேகம் குறையும். ஒன்றரை வருஷம் ஒரே நம்பரில் நின்றால் அதற்குமேல் வளராது. அப்படி நின்றவர்களை நாங்கள் படியைக் காட்டி மேல்மாடிக்கு, பெண்கள் பிரிவுக்கு அனுப்பிவிடுவோம். அதற்குப் பிறகு அவர்கள் என் முக்காலிக்கு வர மாட்டார்கள். என் மகளின் கால் வளர ஆரம்பித்ததைப் பார்த்தேன், என் உள்ளங்கையைவிடச் சின்னதாக இருந்தது. வளர்ந்து முடிந்ததைப் போனில் கேட்டேன். நடுவில் இருந்ததெல்லாம் பக்கத்து வீட்டுக் குட்டிப்பெண்ணிடம் போய்விட்டது.

அழுகிறீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன், பொய் சொல்லக் கூடாது என்று அவள்தானே சொன்னாள். என்ன செய்வதென்று தெரியாமல், "சரிப்பா, சரிப்பா" என்று இரண்டு தடவை சொன்னாள். அடுத்த மாதம் முதல் ஞாயிறு பேசலாம் என்று வைத்தாள். பத்தொன்பது நிமிஷம் பேசியிருந்தோம். அது முடிந்ததும் அறையில் என்ன செய்வதென்று எனக்குப் புரியவில்லை. இரண்டாவது நாற்காலியிலிருந்த துணியை எல்லாம் மடித்தேன். நாற்காலி காலியானது. அதில் உட்கார யாரும் இல்லாததால் துணியைத் திரும்ப அங்கேயே வைத்தேன்.

மறுநாள் காலை, கடை திறந்ததும் மேல்மாடிக்குப் போனேன். பெண்கள் பிரிவைப் பார்த்துக்கொள்கிற ஹீல்ஸ் அக்கா, இந்தப் பெயர் அவருக்குக் கடையில் எல்லோரும் சேர்ந்து வைத்தது, என்னைப் பார்த்து வழி தவறி வந்தீர்களா என்று கிண்டல் செய்தார். வாலுவுக்கு அடுத்த மாதம் பதினாலு பிறக்கிறது. சிவப்பில் ஆறாம் நம்பர் வேண்டும் என்றேன். யாருக்கு என்று கேட்டார். என் பெண்ணுக்கு என்றதும் அவர் முகம் மாறியது. உங்கள் பெண் சின்னப் பிள்ளை இல்லையா, ஏழு எட்டு வயது என்றுதானே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன் என்றார். நான்தான் அப்படிப் பேசிவந்திருக்கிறேன்.

பெட்டியைத் திறந்து வலது ஷூவை எடுத்ததும் பழக்கதோஷத்தில் என் கட்டைவிரல் முனையில் போய் அழுத்தியது. ஹீல்ஸ் அக்கா அதைப் பார்த்துவிட்டு, "வளர்ற பொண்ணுதானே, ஒரு நம்பர் கூடவே எடுங்களேன். நீங்க எல்லாருக்கும் சொல்றதுதானே அது" என்றார்.

"வேணாம்க்கா. வளர்ந்து முடிச்சிட்டா."

அவர் பெட்டியை மூடிக் கொடுத்தார்.

மதியம் ஏணிப்படியில் உட்கார்ந்து இருபத்து நாலாம் அத்தியாயத்தை எடுத்தேன். கல்தோள் கதவைத் தட்டிவிட்டு நிற்கிறார். எத்தனை நாள் இருப்பீர்கள் என்று உள்ளேயிருந்து மகள் கேட்கிறாள். மாதத்துக்கு ஒரு நாள் என்கிறார் கல்தோள். அங்கேயே நிறுத்தித் தளத்தில் போட்டுவிட்டேன். பூதக்கண்ணாடி ஐந்து நிமிஷத்தில் வந்தாள். இந்தத் தடவை தப்பு எதுவும் இல்லை சார், ஆனால் அதற்கு அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று கேட்டிருந்தாள். எனக்கும் தெரியவில்லை. அதை வாலுவிடம் கேட்டுச் சொல்ல இன்னும் நாலு ஞாயிறு இருந்தது.